திபாலில் பால் இருக்கிறதா?



"பசு தருவது, கால்சியம் நிறைந்தது, வெள்ளை நிறம். அது என்ன?" இணைய அரட்டை அறை ஒன்றில் ஒரு கணினி நிரல் இந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் யோசிக்கிறார். இன்னொருவர் விடையைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். அதற்குள் புதிதாக உள்ளே வந்த மூன்றாமவர், "வணக்கம், நான் நிபோங் திபால்" என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். உடனே நிரல், "சரியான விடை! உங்களுக்கு ஒரு புள்ளி!" என்று அறிவிக்கிறது.

நம் ஊரின் பெயரில் பசுவும் இல்லை, பாலும் இல்லை. மலாய் மொழியில் நிபோங் என்பது பனை இனத்தைச் சேர்ந்த ஒரு மரம். அடுத்த சொல்லுக்குத் தடித்தது அல்லது அடர்ந்தது என்று பொருள். ஆனால், நிரலுக்குப் பொருள் தெரியாது. அதற்குத் தெரிந்தது எழுத்துகளின் வரிசை மட்டுமே. 'திபால்' என்பதற்குள் 'பால்' என்ற வரிசை இருக்கிறது. எனவே புள்ளி கொடுத்துவிட்டது. கணினி பிழை செய்யவில்லை. அதனிடம் சொன்னதைத்தான் செய்தது. நாம் சொன்ன விதத்தில்தான் ஓட்டை இருக்கிறது.

ஓர் எழுத்து வரிசை இன்னொன்றோடு பொருந்துகிறதா என்று கணினி எப்படிப் பார்க்கிறது? தமிழில் அது ஏன் கூடுதல் கவனம் கேட்கிறது? இந்த வாரம் இதைப் பார்ப்போம்.

அரட்டை அறையில் ஒரு வினாடி வினா

1988-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பின்லாந்து நாட்டின் ஊலு பல்கலைக்கழகத்தில் இருந்த யார்க்கோ ஒய்க்காரினேன் என்பவர் 'ஐ.ஆர்.சி.' என்ற இணைய அரட்டை முறையை உருவாக்கினார். இன்று நீங்கள் புலனத்தில் குழு வைத்திருப்பதுபோல, அன்று அதில் 'அறைகள்' இருந்தன. 1995-இல் காலிட் மர்டாம்-பே என்பவர், விண்டோஸ் கணினிகளில் ஐ.ஆர்.சி.க்குள் நுழைவதற்காக 'எம்ஐஆர்சி' என்ற மென்பொருளை வெளியிட்டார். 1990-களில் மலேசியாவில் இணையம் பரவத் தொடங்கியபோது, இணைய மையங்களில் இளைஞர்கள் விரும்பித் திறந்த மென்பொருள்களில் இதுவும் ஒன்று. உங்கள் பெற்றோரையோ மாமா, சித்தியையோ கேட்டுப் பாருங்கள்.

எம்ஐஆர்சியின் சிறப்பு, அதற்குள் நாமே சிறு கட்டளைத் தொடர்களை எழுதலாம் என்பதுதான். 'ஸ்கிரிப்ட்' என்று அவற்றைச் சொல்வார்கள். அரட்டை அறையில் ஊகித்து விடை சொல்லும் விளையாட்டுகளைப் பலர் இப்படித்தான் உருவாக்கினார்கள். அப்படிப்பட்ட நிரல் செய்யும் வேலை எளியது:

1. ஒரு கேள்வியை அறையில் போடும்.
2. அறைக்கு வரும் ஒவ்வொரு வரியையும் படிக்கும்.
3. அந்த வரி, விடைக்கான 'வடிவத்தோடு' பொருந்துகிறதா என்று பார்க்கும்.
4. பொருந்தினால், அந்த வரியை முதலில் எழுதியவருக்குப் புள்ளி தரும், இல்லாவிட்டால் காத்திருக்கும்.

இந்த நான்கில் மூன்றாவது படியில்தான் விளையாட்டின் நேர்மை முழுவதும் அடங்கியிருக்கிறது.

நட்சத்திரம், கேள்விக்குறி

விடை 'பால்' என்றால், நிரலுக்கு எப்படிச் சொல்வது? 'பால்' என்று மட்டும் எழுதினால், வரி முழுவதும் அந்த ஒரு சொல்லாகவே இருக்க வேண்டும். "விடை பால்", "பால்!", "பால்தான்" என்று எழுதியவர்களுக்கெல்லாம் புள்ளி கிடைக்காது. விடை தெரிந்தும் ஏமாற்றம்தான்.

இதற்காக எம்ஐஆர்சியில் சில குறிகள் உண்டு. நட்சத்திரக் குறி (*) என்றால் "இங்கே எது வேண்டுமானாலும் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம்" என்று பொருள். கேள்விக்குறி (?) என்றால் "ஏதாவது ஒரே ஒரு குறியீடு". '&' என்றால் "ஏதாவது ஒரு முழுச் சொல்".

ஆகவே *பால்* என்று எழுதினால், முன்னும் பின்னும் எது வந்தாலும் நடுவில் 'பால்' இருந்தால் போதும். இப்போது "விடை பால்" என்பதற்குப் புள்ளி உண்டு. ஆனால் திபாலுக்கும் உண்டு. தபாலுக்கும், கோபாலுக்கும், பால்கனிக்கும் உண்டு!

இங்கே இரண்டு வகைத் தவறுகளைக் கவனியுங்கள். ஒன்று, ஏற்க வேண்டியதை மறுப்பது. மற்றொன்று, மறுக்க வேண்டியதை ஏற்பது. வடிவத்தை இறுக்கினால் முதல் தவறு கூடும். தளர்த்தினால் இரண்டாவது கூடும். நோயைக் கண்டறியும் பரிசோதனைகளிலும் இதே சிக்கல் உண்டு: நோய் இருந்தும் 'இல்லை' என்று காட்டலாம், இல்லாமலே 'உண்டு' என்றும் காட்டலாம்.

நரம்பு மண்டலத்திலிருந்து வந்த கருவி

நட்சத்திரமும் கேள்விக்குறியும் போதாதபோது, இன்னும் நுட்பமான கருவி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்', சுருக்கமாக 'ரெஜெக்ஸ்'. எம்ஐஆர்சியிலும் இதைப் பயன்படுத்தலாம். பைத்தான், ஜாவா போன்ற கணினி மொழிகளிலும் இது உண்டு.

இதன் பிறப்பு வியப்பானது. 1943-இல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் என்னும் இருவர், மூளையின் நரம்பணுக்கள் எப்படிச் செயல்படலாம் என்று விளக்க ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். அதை ஆராய்ந்த அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளேனி, 1951-இல் அத்தகைய வலையால் எந்தெந்தக் குறி வரிசைகளை அடையாளம் காண முடியும் என்று எழுத ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். 1968-இல் கென் தாம்சன் என்ற கணினி அறிஞர், அந்தக் குறியீட்டைக் கொண்டு கணினியில் சொற்களைத் தேடும் வழியை வெளியிட்டார். நரம்பைப் பற்றிய கணிதம், எழுத்தைத் தேடும் கருவியானது.

அது எப்படி வேலை செய்கிறது? ஒரு ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். பாரிட் புந்தாரில் ஏறினால் நிபோங் திபால், சிம்பாங் அம்பாட், பிறகு புக்கிட் மெர்தாஜாம். வடிவத்தில் உள்ள ஒவ்வொரு குறியீடும் இரண்டு நிலையங்களுக்கு இடையிலான பாதை. வரும் எழுத்து அதோடு பொருந்தினால் அடுத்த நிலையத்துக்குப் போகலாம். பொருந்தாவிட்டால் அந்தப் பயணம் அங்கேயே முடிந்துவிடும். கடைசி நிலையத்தை அடைந்தால், 'பொருந்தியது' என்று அர்த்தம்.

ரெஜெக்ஸில் நமக்கு வேண்டிய குறிகள் சில:

^ என்பது வரியின் தொடக்கம்.
$ என்பது வரியின் முடிவு.
| என்பது 'அல்லது'.
? என்பது "எனக்கு முன்னால் உள்ளது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்".
[ ] என்பது "உள்ளே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று".

கேள்விக்குறியின் பொருள் இங்கே மாறிவிட்டதைக் கவனித்தீர்களா? இரண்டு முறைகளையும் கலந்துவிடக் கூடாது.

இப்போது பால் கேள்விக்கு வடிவம் எழுதுவோம்:

(^| )பால்(தான்)?( |$)

இதைத் தமிழில் படித்தால்: "வரியின் தொடக்கமோ ஓர் இடைவெளியோ வர வேண்டும், பிறகு 'பால்', அதன்பின் 'தான்' வரலாம், வராமலும் போகலாம், இறுதியில் இடைவெளியோ வரியின் முடிவோ வர வேண்டும்." திபாலில் 'பா'வுக்கு முன்னால் 'தி' இருக்கிறது, இடைவெளி இல்லை. எனவே புள்ளி இல்லை. பால்கனிக்கும் இல்லை. "பால்!" என்பதை ஏற்க வேண்டுமானால், ஒப்பிடுவதற்கு முன்பே வியப்புக்குறி, முற்றுப்புள்ளி ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். எழுத்துக்கு வண்ணம் சேர்த்து அனுப்பும்போது எம்ஐஆர்சியில் கண்ணுக்குத் தெரியாத குறிகள் சேர்ந்துகொள்ளும். அவற்றையும் நீக்க வேண்டும்.

'தமிழ்' எத்தனை எழுத்து?

தொடக்கப்பள்ளி மாணவர்கூட 'மூன்று' என்று சொல்லிவிடுவார். கணினியோ 'ஐந்து' என்கிறது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் முறைக்கு யூனிகோடு என்று பெயர். அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நமக்கோ 247 எழுத்துகள்! எனவே உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இல்லை. உயிரெழுத்துகளுக்கும், க, ங, ச போன்ற அகரமேறிய மெய்களுக்கும், துணைக்குறிகளுக்கும் எண் உண்டு. 'தமிழ்' என்ற சொல் கணினியில் இப்படித்தான் இருக்கிறது:

த – 2980
ம – 2990
ி – 3007
ழ – 2996
் – 3021

'மி' என்பது ம-வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு எண்கள். 'ழ்' என்பது ழ-வும் புள்ளியும். இலக்கணத்தில் 'ழ்'தான் அடிப்படை. அதனுடன் அகரம் சேர்ந்தால் 'ழ'. கணினியில் தலைகீழ்: 'ழ'தான் அடிப்படை, அதன்மேல் புள்ளி வைத்தால் 'ழ்'.

ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ்-16' என்ற முறையும் தமிழ்நாட்டில் உருவாக்கப்பட்டது. ஆனால் உங்கள் திறன்பேசி முதல் தேடுபொறி வரை நாம் அன்றாடம் பயன்படுத்துவது யூனிகோடுதான். ஆகவே, அதன் போக்கைப் புரிந்துகொள்வதே நமக்குப் பயன்.

குமிழும் சிமிழும் எங்கே போயின?

இனி ஊகிக்கும் விளையாட்டுக்கு வருவோம். மூன்றெழுத்துச் சொல். கடைசி இரண்டு எழுத்துகள் 'மிழ்'. முதலெழுத்து தெரியாது. பொருந்தும் சொற்கள் எவை? தமிழ், உமிழ், அமிழ், குமிழ், சிமிழ் என்று ஐந்தை நாம் சொல்லிவிடலாம்.

எம்ஐஆர்சி முறையில் ?மிழ் என்று எழுதிப் பார்ப்போம். தமிழ், உமிழ், அமிழ் மூன்றும் பொருந்தும். குமிழும் சிமிழும் பொருந்தாது! காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். கேள்விக்குறி ஏற்பது ஒரே ஒரு குறியீட்டை. 'த', 'உ', 'அ' ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு குறியீடு. 'கு' என்பது க-வும் உகரக் குறியும். 'சி' என்பது ச-வும் இகரக் குறியும். அவை இரண்டிரண்டு.

இந்த விளையாட்டில் 'குமிழ்' என்று எழுதிய மாணவர், "உங்கள் விடை தவறு" என்ற செய்தியைப் பார்ப்பார். அவர் என்ன நினைப்பார்? தமக்குத் தமிழ் தெரியவில்லை என்று நினைப்பார். தெரியாதது அவருக்கல்ல; நிரலுக்கு.

தீர்வு ரெஜெக்ஸில் இருக்கிறது. ஒரு தமிழ் எழுத்து என்பது என்ன? அடிப்படை எழுத்து ஒன்று. அதன்பின் துணைக்குறி வரலாம், வராமலும் போகலாம். இதை அப்படியே எழுதலாம்:

[ஃ-ஹ][ா-்]?

முதல் அடைப்பு, ஆய்தம் முதல் 'ஹ' வரையுள்ள அடிப்படை எழுத்துகளில் ஒன்றைக் குறிக்கிறது. இரண்டாவது, கால் முதல் புள்ளி வரையுள்ள துணைக்குறிகளில் ஒன்றைக் குறிக்கிறது. கேள்விக்குறி, "அது இல்லாமலும் இருக்கலாம்" என்கிறது. ^[ஃ-ஹ][ா-்]?மிழ்$ என்று எழுதினால் ஐந்து சொற்களும் பொருந்தும். ஒரு சொல்லில் இந்த வடிவம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால், எத்தனை கட்டங்கள் போட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 'தமிழ்' மூன்று கட்டங்களாகும்.

விதிவிலக்கும் உண்டு. 'லக்ஷ்மி' என்பதை நாம் ல, க்ஷ், மி என்று மூன்றாகப் பார்க்கிறோம். இந்த வடிவம் ல, க், ஷ், மி என்று நான்காக எண்ணும். 'க்ஷ' வந்தால் அதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும். சொற்களைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்கும் வேலையைச் செய்து தர 'ஓப்பன்-தமிழ்' என்ற கட்டற்ற நிரல் தொகுப்பும் இருக்கிறது. பைத்தான் கற்கும் மாணவர்கள் அதைப் பயன்படுத்தலாம்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. 'கொடி' என்ற சொல்லில் உள்ள 'கொ'வைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, க-வும் 'ொ' என்ற ஒரே குறியும் (3018). மற்றொன்று, க-வும் 'ெ' குறியும் (3014), பிறகு காலும் (3006). திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். எண்களை ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு. "கொடி என்றுதானே எழுதினேன், ஏன் தவறு என்கிறது?" என்று மாணவர் குழம்புவார்.

இவ்விரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது. ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே உருவத்துக்கு மாற்ற வேண்டும். இதற்கு 'இயல்பாக்கம்' என்று பெயர். ஆய்வகத்தில் அளவுகளை ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றுகிறீர்கள் அல்லவா? அதே வேலைதான்.

இயல்பாக்கத்தால் தீராத சிக்கலும் உண்டு. 'ஔ' என்பது ஓர் எழுத்து. அதைத் தேடிப் பிடிக்க முடியாமல் சிலர் 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போடுவார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், யூனிகோடுக்கு அவை தொடர்பில்லாதவை. 'அவ்வையார்' என்று எழுதுபவர்களும் உண்டு. மூவரையும் ஏற்க ஒரு வடிவம் போதும்:

(ஔ|ஒள|அவ்)வையார்

இங்கே கணினி அறிவு மட்டும் போதாது. தமிழர்கள் எப்படியெல்லாம் எழுதுவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

குற்றியலுகரம் கைகொடுக்கும் இடம்

"கொம்தார் கோபுரம் எந்த மாநிலத்தில் இருக்கிறது?" நிரலிடம் உள்ள விடை 'பினாங்கு'. ஆனால் தமிழில் இயல்பாகப் பதில் சொல்பவர் 'பினாங்கில்' என்றுதான் எழுதுவார். அவர் எழுதியதில் 'பினாங்கு' என்ற வரிசையே இல்லை!

தமிழ்ப் பாடத்தில் குற்றியலுகரம் படித்திருப்பீர்கள். பினாங்கு என்பதோடு 'இல்' சேரும்போது, ஈற்று உகரம் விலகி இகரம் வந்து உட்காருகிறது. கணினியில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது: 'ு' என்ற குறி போய் 'ி' என்ற குறி வருகிறது, அதற்கு முன்னால் உள்ள க-வின் எண் மாறுவதே இல்லை. எனவே உகரக் குறியை விட்டுவிட்டு (^| )பினாங்க என்று வடிவத்தை எழுதினால் போதும். பினாங்கு, பினாங்கில், பினாங்குதான், பினாங்கிலே எல்லாம் பொருந்தும். எழுத்துகளை எண்ணும்போது தொல்லை தந்த அதே யூனிகோடு அமைப்பு, இங்கே உதவி செய்கிறது.

மகர ஈற்றுச் சொற்களுக்கு வேறு வழி வேண்டும். 'மரம்' என்பது 'மரத்தில்' என்று மாறும். (^| )மர(ம்|த்த) என்று எழுதினால் இரண்டும் பொருந்தும். ஆனால் "கால் மரத்துப்போனது" என்று யாராவது எழுதினால் அதற்கும் பொருந்திவிடும். எல்லாவற்றுக்கும் முழுமையான வடிவம் இல்லை. இருப்பவற்றுள் சிறந்ததைத்தான் தேட முடியும்.

விளையாட்டோடு முடிவதில்லை

இங்கிலாந்தில் ஸ்கந்தார்ப் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1996-இல் அவ்வூர் மக்கள் சிலர் ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முயன்றபோது, கணினி அவர்களை அனுமதிக்கவில்லை. ஊர்ப் பெயரின் நடுவில் இருந்த சில எழுத்துகள் சேர்ந்து, ஆங்கிலத்தில் ஒரு கெட்ட சொல்லாக இருந்ததே காரணம். கெட்ட சொற்களைத் தடுக்க எழுதிய வடிவம், ஓர் ஊரையே தடுத்துவிட்டது. இன்றும் இவ்வகைத் தவறை 'ஸ்கந்தார்ப் சிக்கல்' என்றுதான் சொல்கிறார்கள். திபாலில் பாலைக் கண்ட நிரலும் அதன் உடன்பிறப்புதான்.

நாளை நீங்கள் எழுதும் இணையப் புதிரையோ, பள்ளி நூலகத்துக்குச் செய்யும் தேடல் செயலியையோ எண்ணிப் பாருங்கள். 'கொ'வின் இரண்டு உருவங்களையும் கவனிக்காவிட்டால், நூல் அலமாரியில் இருந்தும் 'இல்லை' என்று திரை சொல்லும். இணையத் தேர்வில் சரியான விடைக்குச் சுழியம் விழும். தமிழ்ச் சொற்களைத் தமிழாகவே நடத்தும் நிரல்கள் தாமாக வந்துவிடாது. மலேசியரான முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளையும், கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் 'செல்லினம்' செயலியையும் உருவாக்கியதுபோல, யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். அடுத்த 'யாராவது' உங்களில் ஒருவராக இருக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் 'ஏற்க வேண்டியவை', வலப்பக்கம் 'மறுக்க வேண்டியவை'. கேள்வி இது: "பேராக் மாநிலத்தின் தலைநகர் எது?" விடை 'ஈப்போ'.

ஈப்போவில், ஈப்போதான், விடை ஈப்போ! என்று நண்பர்கள் எப்படியெல்லாம் எழுதுவார்கள் என்று இடப்பக்கம் பட்டியலிடுங்கள். சிலர் அவசரத்தில் 'இப்போ' என்றும் தட்டலாம். அதையும் ஏற்கலாம் என்று முடிவு செய்தால், "இப்போ வரேன்" என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனவருக்கும் புள்ளி கிடைக்கும்! அவரை வலப்பக்கம் எழுதுங்கள்.

இப்போது வடிவத்தை எழுதி, இரண்டு பட்டியல்களிலும் உள்ள ஒவ்வொரு வரியோடும் ஒப்பிடுங்கள். தவறினால் திருத்துங்கள், திருத்தியபின் முதலிலிருந்து மீண்டும் சோதியுங்கள். பிறகு தாளை நண்பரிடம் கொடுத்து, "இதை உடைத்துக் காட்டு" என்று சொல்லுங்கள். தான் உருவாக்கியதைத் தானே உடைக்க முயல்வது அறிவியலின் வழி. அந்தச் சோதனைகளில் நிற்பதை நம்பிப் பயன்படுத்தலாம், அடுத்த ஓட்டை தெரியும் வரை.